மஞ்சளாற்றங்கரையில் மூன்று நிறங்கள்

தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியில் நின்று வடமேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும். அடிவாரத்தில் செம்மண். அதையொட்டி மாந்தோப்புகளின் கரும்பச்சை. தோப்புக்குப் பின்னால் சாம்பல் கலந்த முதல் மலை, அதற்கும் பின்னால் நீலமான இன்னொன்று. கடைசி வரிசை மலையா மேகமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளிர்நீலம். இவ்வளவையும் தாளில் கொண்டுவர எத்தனை வண்ணம் வேண்டும் என்று கேட்டால், பன்னிரண்டு வில்லைகள் உள்ள பள்ளிக்கூடப் பெட்டியே போதாது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். மூன்று போதும். ஒரு நீலம், ஒரு மஞ்சள் காவி, ஒரு சுட்ட காவி. கடையில் கேட்க வேண்டிய பெயர்கள்: அல்ட்ராமரைன், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா.

நாளும் ஒரு சிறு தாளில் நீர்வண்ணம் பழக விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நிறங்களைக் குறையுங்கள் என்பதே. இந்தக் கலையில் கைவரக் கடினமானது தண்ணீர். பெட்டியில் நிறங்கள் கூடக்கூட, எதை எதோடு கலப்பது என்பதிலேயே கவனம் போய்விடும். தாளின்மேல் தண்ணீர் செய்யும் காரியம் கண்ணில் படாது. ஆய்வுக்கூடத்தில் மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்வதும் அந்த முறைதான்.

அந்த மூன்றில் இரண்டு இரும்பு. யெல்லோ ஓக்கருக்கு மஞ்சள் கொடுப்பது கோதைட் என்னும் கனிமம். நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. அதை 250, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்த நீர் வெளியேறி ஹேமடைட் ஆகும், நிறம் சிவக்கும். இத்தாலியின் சியன்னா மண்ணைச் சுட்டுத்தான் பர்ன்ட் சியன்னா செய்தார்கள். காளவாசலில் செங்கல் சிவப்பதும் இரும்பால்தான். தேவதானப்பட்டியின் செம்மண்ணுக்கு நிறம் தந்திருப்பதும் ஹேமடைட். ஆக, இந்த நிலத்தை பர்ன்ட் சியன்னாவால் தீட்டும்போது, அந்த நிலத்தில் இருக்கும் நிறமியாலேயே அதைத் தீட்டுகிறோம். கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்கு இடையே ஓடும் காவியும் இதே குடும்பம். பல வருடத்து வெயிலும் மழையும் பட்டும் அது நிறம் மாறுவதில்லை. மஞ்சள்பொடியைக் கரைத்துத் தீட்டிப் பாருங்கள், சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். அதிலுள்ள குர்க்குமின் ஒளி பட்டால் சிதையும் கரிமச் சேர்மம். சுண்ணாம்பு பட்டாலும் நிறம் மாறும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பது அதனால்தான். அழகான நிறம், ஆனால் படத்துக்கு ஆகாது.

நீலத்தின் கதை இன்னும் சுவையானது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாப்பிஸ் லசூலி கல்லைப் பொடித்துத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் ஒரு காலத்தில் அல்ட்ராமரைன் பெற்றார்கள். அது எளிதில் வாங்க முடியாத விலையில் இருந்தது. அதைச் செயற்கையாகச் செய்து காட்டுவோருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824-இல் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதைப் பெற்றார். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்து உலையில் சுட்டால் அதே நீலம் கிடைத்தது. சிலிக்காவும் அலுமினியமும் பின்னிய கூண்டுக்குள் மூன்று மூன்றாகச் சிக்கிக்கொண்ட கந்தக அணுக்கள்தாம் அந்த நிறத்தைத் தருகின்றன. இப்படி மலிவான பிறகு அது எங்கெல்லாம் போனது என்றால், நம் வீட்டுத் துவைகல் வரைக்கும் வந்தது. வெள்ளை வேட்டியின் பழுப்பை மறைக்க வாளித் தண்ணீரில் அலசிய நீலத்தூள் அல்ட்ராமரைன்தான். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் போட்டுச் சுவருக்கு அடித்ததும் அதுவே. சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. அமிலம் பட்டால் மட்டும் வெளுக்கும். மலை வரைய வாங்கும் ட்யூபில் இருப்பது நம் பாட்டிமார் கைக்குப் பழகிய பொருள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? அருகே போனால் அது பச்சையும் பாறையும்தான். நமக்கும் மலைக்கும் நடுவே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த ஒளி மிக அதிகமாகச் சிதறும் என்பதற்கான கணக்கை 1871-இல் ராலே பிரபு எழுதினார். அந்தக் கணக்குப்படி நீல ஒளி சிவப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. மலையிலிருந்து வரும் ஒளியோடு நடுவிலுள்ள காற்றின் நீல ஒளியும் சேர்ந்து கண்ணுக்கு வருகிறது. தொலைவு கூடக்கூட மலையின் சொந்த நிறம் குறையும், காற்றின் நிறம் ஏறும். கோடையில் தூசியும் புகையும் மிதக்கும்போது நீலம் போய்ப் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். பெரிய துகள்கள் எல்லா அலைநீளங்களையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. மழை பெய்து ஓய்ந்த காலையில் தூசி அடங்கிவிடும். அன்றைக்கு மலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்.

தாளில் இதைச் செய்ய நிறம் மாற்ற வேண்டியதில்லை, விகிதம் மாற்றினால் போதும். கடைசி மலைக்கு அல்ட்ராமரைனைத் தண்ணீராகக் கரைத்து ஒரு வாஷ், அதாவது மெல்லிய நீர்ப்பூச்சு. அடுத்ததற்கு அதிலேயே பர்ன்ட் சியன்னா ஒரு துளி. நீலம் அடங்கிச் சாம்பலாகும். முன்னால் வர வர சியன்னாவைக் கூட்டித் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அடிவார மண்ணுக்கு வரும்போது நீலம் காணாமல் போயிருக்கும்.

இதே மலைகளை 1860-களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி சுற்றிச் சுற்றி வரைந்தார். தென்னிந்திய மலைகளில் வெள்ளைக்காரப் படைகள் தங்கி உடல் தேறத் தக்க இடங்களைப் பார்த்துப் படம் எழுதச் சென்னை அரசு அவரைப் பணித்திருந்தது; பழனி மலைகளின் படங்கள் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. பேரிஜம் பக்கத்தில் ஹாமில்டன் கோட்டை என்று இன்றும் அவர் பெயர் சொல்லும் இடம் இருக்கிறது. நாள்தோறும் பழகுகிறவர்களுக்கு ஹாமில்டனைவிட எட்வர்ட் லியர் நல்ல துணை. 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி 1875 தொடக்கம் வரை இந்தியாவைச் சுற்றிய அவர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வரை வந்தார். போகும் இடத்திலெல்லாம் பென்சிலால் விரைவாக வரைவார். இடம், தேதி, நேரம் எழுதுவார். எந்தப் பகுதி என்ன நிறம் என்பதையும் படத்தின் மேலேயே சொற்களாகக் குறித்துவைப்பார். பிறகு ஓய்வான நேரத்தில் மைக்கோடு இழுத்து மெல்லிய வாஷ் கொடுப்பார். பார்க்கும் வேலையையும் தீட்டும் வேலையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டவர் அவர். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஐந்து நிமிடத்தில்கூட முதல் வேலையைச் செய்துவிடலாம்.

நிறமிகளைக் கலப்பது ஒளிகளைக் கலப்பதைப் போன்றதல்ல. ஒவ்வொரு நிறமியும் வெள்ளை ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகிறது. இரண்டைக் கலந்தால் இரண்டும் விழுங்கிய பிறகு எஞ்சுவதே நம் கண்ணுக்கு வரும். நான்கு, ஐந்து என்று சேர்த்துக்கொண்டே போனால் எஞ்சுவதற்கு ஒன்றும் இராது, கலவை சேறாகும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் இணை. சம அளவில் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் போகும் அடர்ந்த சாம்பல். நீலம் ஒரு பிடி கூடினால் மழைமேகம், சியன்னா கூடினால் பாறை. கறுப்பு வில்லையை இதனால்தான் பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். படம் முழுக்க இதே மூன்று நிறமிகள் வெவ்வேறு விகிதத்தில் ஓடுவதால் வானமும் மண்ணும் உறவோடு இருக்கும்.

அல்ட்ராமரைனோடு யெல்லோ ஓக்கர் சேர்ந்தால் மங்கிய பச்சை. முற்றிய மா இலைக்கு அது அச்சாகப் பொருந்தும். துளிர் விடும் காலத்தில் பெரியகுளம் பக்கத்துத் தோப்புகள் செம்புநிறமாகத் தகதகக்கும். மாந்தளிரில் பச்சையம் முழுதாக உருவாகுமுன் ஆந்தோசயனின் என்ற செந்நிறப் பொருள் மேலோங்கியிருப்பதால் வரும் நிறம். பர்ன்ட் சியன்னாவில் தண்ணீர் கூட்டினால் தளிர் வந்துவிடும். நாற்றங்கால்தான் இந்த மூன்றுக்கும் பிடி கொடுக்காது. அந்தப் பளீரென்ற இளம்பச்சைக்குக் காவி மஞ்சள் போதாது. பக்கத்து நிறத்தின் உதவியால் பாதி வழி வேண்டுமானால் போகலாம். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயத் துறைப் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை விசாரிக்கப் போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்த நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839-இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். நம் கண் ஒரு நிறத்தைத் தனியாக அளப்பதில்லை, அண்டை நிறத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஆகவே மங்கிய பச்சையைச் சுற்றிச் செம்மை தோய்ந்த சாம்பலைப் போட்டால் அதே பச்சை நிமிர்ந்து நிற்கும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். நீர்வண்ணம் என்பது நிறமித் துகள், வேலம்பிசின், தண்ணீர். பிசின் துகளைத் தாளோடு ஒட்டும். தண்ணீர் துகளை எங்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்துவிட்டு ஆவியாகிப் போகும். அந்த முடிவை எப்படி எடுக்கிறது என்பது சமீப காலத்தில்தான் தெளிவானது. மேசையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடுவில் வெளிறி ஓரத்தில் கருவளையம் விழுவது ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். துளியின் விளிம்பு மேசையின் சொரசொரப்பில் பிடிபட்டு நின்றுவிடுகிறது. விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது, அங்கேதான் ஆவியாதல் வேகம். இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, துகள்களையும் இழுத்துக்கொண்டு. உலர்ந்த தாளில் வைத்த வாஷ் காயும்போது ஓரத்தில் கூர்மையான கருங்கோடு விழுவதும் இதே ஓட்டத்தால். மலை முகட்டுக்கு அந்தக் கோடு வரப்பிரசாதம். மேகத்துக்கு அது ஆகாது. அதற்குத் தாளை முன்னதாகவே நனைத்துவிட வேண்டும். நனைந்த தாளில் விளிம்பு பிடிபட்டு நிற்க இடமில்லை, நிறம் பரவிக் கரைந்துபோகும். துகளின் வடிவமும் இதில் பேசும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2011-இல் செய்த சோதனையில், உருண்டைத் துகளுக்குப் பதில் நீள்வட்டத் துகளைப் போட்டபோது கருவளையம் விழவில்லை. நீளமான துகள்கள் நீரின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு ஓரத்துக்குப் போக மறுத்தன.

பழகத் தொடங்கியவர்களை அழவைக்கும் ஒன்று உண்டு. வானத்துக்கு வாஷ் போட்டாயிற்று, பாதி காய்ந்தும் விட்டது. ஓரிடம் வெளுப்பாகத் தெரிகிறதே என்று ஈரப் பிரஷால் ஒரு தொடு தொட்டால், அங்கிருந்து காலிஃபிளவர் போல ஒரு கறை விரியும். புதிதாக வந்த நீரைச் சுற்றியுள்ள அரைஈரத் தாள் தன் இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்துளைகளால் உறிஞ்சுகிறது. நீர் பரவும் வழியில் இன்னும் ஒட்டாத துகள்களைத் தள்ளிக்கொண்டே போகிறது, எங்கே நிற்கிறதோ அங்கே பல்பல்லாகக் கோடு விழுகிறது. இதற்கு மருந்து ஒன்றே: தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பது. கண்ணாடிபோல் மினுக்கினால் வேலை செய்யலாம். மினுக்கம் அடங்கிய நொடியிலிருந்து முழுதாகக் காயும் வரை தொடக் கூடாது. அந்தக் கறையே தோப்பின் தலைப்பகுதிக்கு வேண்டும் என்றால் அப்போது தாராளமாகத் தொடலாம்.

காய்ந்த பிறகு நிறம் வெளிறிவிடுகிறதே என்ற குறையும் எல்லோருக்கும் உண்டு. மழை நனைத்த செம்மண் இருண்டிருக்கும், வெயில் ஏறியதும் வெளுக்கும். அதற்கும் இதற்கும் காரணம் பொதுவானது. துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும்போது ஒளி மேலேயே சிதறித் திரும்பாமல் உள்ளே போய் அதிகம் விழுங்கப்படுகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று புகுந்ததும் அந்த எண் 1-க்கு இறங்கும். துகளுக்கும் அதைச் சூழ்ந்ததற்கும் வேறுபாடு கூடும், மேற்பரப்பிலேயே சிதறல் கூடும், நிறம் வெளிறும். எனவே வேண்டியதைவிட ஒரு படி அடர்த்தியாகவே வைக்கப் பழக வேண்டும்.

தேனி மாவட்டத்தில் பழகுகிறவர்களுக்குக் காற்று ஒரு வாத்தியார். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு வீசும். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதை நம்பித்தான். தாளின்மேல் தேங்கும் ஈரக்காற்றை அது உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போவதால் வாஷ் காய்வது மிக வேகம். அந்த மாதங்களில் தாளின் பின்பக்கத்தையும் நனைக்க வேண்டும், பெரிய பிரஷ் எடுக்க வேண்டும், தாளைத் தொடுமுன்பே கலவை தயாராக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் எல்லாம் தலைகீழ். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வாஷ் காயவே காயாது. ஈரத்தில் ஈரமாய்ப் பரவும் மேகங்களுக்கும் மலைமேல் தவழும் பனிக்கும் அதுவே பருவம். ஒரே மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க வரைந்தவருக்கு இந்த வேறுபாடு கையிலேயே தங்கிவிடும்.

தாள் சரியில்லையென்றால் இவை எதுவும் நடக்காது. சார்ட் பேப்பரில் வாஷ் போட்டால் ஊறிப் பொதுக்கும். நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். நீரை உடனே உள்ளிழுக்க விடாமல் மேலேயே நிறுத்திவைப்பது அது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை கூடியதுதான். 22-க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை வாங்கிப் பதினாறு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பழக அது போதும்.

சொரசொரப்பான தாளில் மேடும் பள்ளமும் உண்டு. நீர் நிறைந்த பிரஷ் இரண்டையும் நிரப்பும். அல்ட்ராமரைன் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பள்ளங்களில் படிந்து மணல்மணலாகத் தெரியும். மலைப்பாறைக்கு அந்த மணல்தன்மை வலிய வந்த சொத்து. பிரஷைத் துணியில் ஒற்றி, கிடையாகப் பிடித்து விரைவாக இழுத்தால் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக மின்னும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது எதிரே தெரியும் தலையாறு அருவியை, எலிவால் அருவி என்று எல்லோரும் அறிந்த அந்த 297 மீட்டர் வெள்ளைக் கீற்றை, வரைய வழி இதுதான். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள். ஒளி நிறமிப் படலத்தைத் துளைத்துப் போய்த் தாளில் பட்டு மறுபடி அதே படலத்தின் வழியே திரும்புகிறது. படலமே இல்லாத இடத்தில் முழுதாகத் திரும்புகிறது. அருவிக்கு இரண்டு பக்கமும் பாறையைத் தீட்டினால் நடுவே அருவி தானாக விழும். அந்தத் தண்ணீர்தான் கீழே வந்து மஞ்சளாறாகி, 57 அடி உயர அணையில் தேங்கி, மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலைத் தொட்டுப் போகிறது.

பிரஷ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கீரி முடியில் செய்த பிரஷ் நீரை நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி விற்பார்கள். வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒரு பிரஷுக்காக அந்தப் பிராணியைக் கொல்வதை எந்தப் படமும் நியாயப்படுத்தாது. நைலான் இழைப் பிரஷ்கள் இன்று நன்றாகவே வருகின்றன. இழைகளுக்கு நடுவேயுள்ள நுண்வெளி நீரைப் பிடித்துக்கொள்கிறது, முனை கூர்மையாகக் குவிகிறது. நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

கோட்டின் வலிமை அறிய நம்மிடம் பெரிய ஆசான்கள் இருந்திருக்கிறார்கள். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ படித்தவர்களுக்குக் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள் நினைவிருக்கும். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி வரிசை முழுக்கக் கறுப்பு மட்டுமே. மதுரைக்காரரான மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வைப் புலம் சுருங்கிக்கொண்டே வந்தபோதும், தன் ஊரின் கோபுரங்களையும் தெருக்களையும் நுண்ணிய மைக்கோடுகளால் வரைந்துகொண்டிருந்தார். கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். மூன்று நிறம் குறைவு என்று நினைப்பவர்கள் இவர்களுடைய ஒற்றை நிறத்தை ஒருநாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தினப் பழக்கத்தை எப்படி அமைப்பது என்பதிலும் ஆய்வு உண்டு. ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் 1979-இல் கையசைவுப் பயிற்சி பற்றி ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழுவுக்கு அசைவுகள் முன்பின்னாகக் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுவே விரைவாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எனவே இன்று முழுக்க வாஷ், நாளை முழுக்க வறண்ட பிரஷ் என்று பிரிக்காமல், ஒரே சிறு தாளில் ஒரு வாஷ், நான்கு வறண்ட இழுப்பு, ஈரத்தில் ஒரு துளி, நுனியால் சில கோடு என்று கலந்து போடுவது நல்லது. அன்றைக்குச் சுமாராக இருப்பதுபோல் தோன்றும். தாளின் பின்னால் தேதி, நேரம், வெயிலா மேகமா, காற்று எப்படி, எந்த நிறமி எவ்வளவு என்று பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். ஆடியில் போட்ட தாளையும் ஐப்பசியில் போட்டதையும் அருகருகே வைத்தால், மாறியது கையா காற்றா என்று அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

நான்காவது நிறம் எப்போது? கலக்குமுன்பே கலவை என்னவாகும் என்று மனம் சொல்லத் தொடங்கியதும் சேர்க்கலாம். அப்போதும் ஒன்றே ஒன்று: லெமன் யெல்லோ. அல்ட்ராமரைன் ஒரு சொட்டும் இதுவும் சேர்ந்தால் நாற்றங்கால் பச்சைக்குப் பக்கத்தில் போய்விடலாம். நாற்று விடும் பருவம் பார்த்து வாங்குவது நல்லது. எதிரே வயல் இருக்கும்போதுதான் கலவை சரியா என்று ஒப்பிட முடியும்.